கல்லறைமேல் கனகாம்பரம்

“உங்க செடி எங்கப்பா மேல மொளச்சிருக்குதுங்க. வந்து புடுங்கிக்கறீங்களா, நானே புடுங்கட்டுங்களா?”

சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஓர் அம்மாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கல்லறை அவளுடைய அப்பாவுடையது. என் மனைவியின் கல்லறையில் நான் வைத்திருந்த கனகாம்பரம் விதை தெறித்து, அவர் நெஞ்சுக்கு நேராக மூன்று கன்று முளைத்திருந்தது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து டிரைவர்களோடு போனில் கத்தியே பழகிய வாய் எனக்கு. “பூச்செடிதானேங்க, எருக்கஞ்செடியா மொளச்சிருக்குது?” என்று நானும் கத்தினேன். அவள் மூன்றையும் பிடுங்கி என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். பெயரிலேயே தோட்டம் இருக்கிற இடம் அது. அங்கே ஒரு செடி வைத்தால்தான் எல்லோருக்கும் வம்பு.

செடிக்காக நான் சண்டை போட்டேன் என்று சொன்னால் என் மனைவி நம்பவே மாட்டாள். அவளுடைய செடிகளை ஒழித்துக்கட்டியவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடியில், பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில். பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டை விட்டு இங்கே வந்ததும் அவள் முதலில் தேடியது மண்ணைத்தான். கீழே கார் நிற்கிற இடமெல்லாம் சிமெண்ட். மொட்டைமாடியில் காலி பெயிண்ட் வாளிகளை வரிசையாக வைத்து, எடப்பாடிப் பக்கம் அவள் பிறந்த ஊரிலிருந்து ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்து நிரப்பினாள். கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு வாளி கனகாம்பரம். “கடையில கெடைக்காததா? எதுக்கு இந்தப் பாடு?” என்று நான் கேட்காத நாள் கிடையாது. அவள் காய்ந்த கனகாம்பரக் காய் ஒன்றை எச்சிலில் நனைத்து, நான் படித்துக்கொண்டிருக்கிற பேப்பர்மேல் வைத்துவிட்டு நிற்பாள். ஈரம் பட்டால் அந்தக் காய் வெடிக்கும். ‘டப்’ என்று சத்தம் வரும், விதை என் மூக்கில் வந்து அடிக்கும், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். “இதென்ன சின்னப்புள்ளயாட்டம்” என்று நான் பேப்பரை உதறிக்கொண்டு எழுந்து போவேன்.

மற்ற வீட்டுக்காரர்கள் கறிவேப்பிலைக்கு மாடி ஏறி வருவார்கள். ரசம் கொதிக்கும்போது “அக்கா, ரெண்டு கொத்து கிள்ளிக்கறனுங்க” என்று கேட்டவர்களேதான், மேல்வீட்டுக் கூரையில் ஈரம் ஊறியதும் கூட்டம் போட்டார்கள். மாடியில் மண் கொட்டினால் கட்டடம் தாங்குமா, குடிக்கவே டேங்கர் தண்ணி வாங்குகிறோம், செடிக்கு ஊற்றுவது அடுக்குமா, கொசு வரும், பல்லி வரும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இனி மாடியிலோ படியிலோ யாரும் தொட்டி வைக்கக் கூடாது என்று ஒரு பேப்பர் எழுதிச் செக்ரட்டரி வீடு வீடாகக் கொண்டுவந்தார். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நாலு பேர் மத்தியில் பொல்லாப்பு எதற்கு என்று நினைத்தேன். உள்ளுக்குள், அப்பாடா, தொல்லை விட்டது என்றும் நினைத்தேன்.

அந்தப் பேப்பரை நகல் எடுத்து லிப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். பை நிறையக் காய்கறியோடு வந்தவள் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே வந்தாள். “ஏனுங்க, அந்தக் கடைசிக் கையெழுத்து உங்களுதா? மத்தவங்களதவிட நல்லா இருக்குதுங்க” என்றாள். அவ்வளவுதான். “ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க, சட்டம்னா சட்டந்தான்” என்று நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். என்ன ஒரு நியாயஸ்தன்!

வாளிகளை ஒவ்வொன்றாக அவளே இறக்கினாள். ஒரு கை பிடிக்கக்கூட நான் எழவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்ததுபோக ஒரே ஒரு கனகாம்பரத்தை மட்டும் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டாள். எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. செடி சாகவில்லை, பூக்கவும் இல்லை. இரண்டு வருஷம் அவள் அதற்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றினாள். ஒரு தவக்காலத்தில், காலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் மார்பு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கப் போனபோது ஜன்னலில் அந்தச் செடியைப் பார்த்தேன். மண் வெடித்துக் கிடந்தது, தண்டில் மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது. ஒரு மாதமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் என்றால் வேறு யார், நான்தான். அன்றைக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். எனக்கென்று இந்த ஊரில் சிமெண்ட் பூசாத மண் இருந்தது அவள் கல்லறை ஒன்றுதான். அதில் நட்டேன்.

வெயில் பட்டதும் செடிக்கு என்ன ஆனதோ, ஒரே மாதத்தில் கிளை விட்டுப் பூத்தது. தினமும் சாயங்காலம் இரண்டு பாட்டில் தண்ணீரோடு போவேன். இலையைத் திருப்பிப் பூச்சி பார்க்கக் கற்றுக்கொண்டேன். போகிறவர்கள் சிரித்தார்கள். “பொண்டாட்டி இருந்தப்ப கடுகு மொளைக்க வெக்காதவரு” என்று ஒருவர் என் காதில் விழவே சொன்னார். உண்மைதானே, என்னத்தைச் சொல்வது. ஒருநாள் பூவைக் கட்டி வீட்டு மாதா படத்துக்கு எடுத்துப் போனேன். கீழ்வீட்டம்மாள் பார்த்துவிட்டு, “கல்லறப் பூவ ஊட்டுக்குள்ள கொண்டாரலாமுங்களா சார்?” என்றாள். செடியும் அவளுடையது, மாதா படமும் அவளுடையது என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

பக்கத்துக் கல்லறை அம்மாளோடு அந்தச் சண்டை நடந்தது அதற்கப்புறம்தான். அடுத்த ஆடியில் கல்லறைக் கமிட்டிக்காரர்கள் ஒரு பேப்பரோடு வந்தார்கள். மண் கல்லறையெல்லாம் எடுத்துவிட்டு முழுக்க டைல்ஸ் போடப்போகிறோம், சுத்தமாக இருக்கும், பாம்பு வராது, கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிடலாம் என்றார்கள். எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டிருந்தது. நான் போட மாட்டேன் என்று சத்தம் போட்டேன். பங்குச் சாமியார் என்னைத் தனியாக அழைத்துப்போய், “ஒருத்தருக்காக நிறுத்த முடியாதுங்களே. செடிய எடுத்துட்டுப் போயி வீட்ல வெச்சுக்குங்க” என்று பொறுமையாகச் சொன்னார்.

வீடா? செக்ரட்டரியிடம் போய் நின்றேன். மாடியில் ஒரே ஒரு தொட்டி, கீழே தட்டு வைத்துக்கொள்கிறேன், ஒரு சொட்டு வடியாது என்றேன். அவர் பைலை எடுத்து அந்தப் பேப்பரைக் காட்டினார். “உங்க கையெழுத்துதானுங்களே சார். எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க.” நான் அவளிடம் சொன்ன அதே சொல். திரும்பி வந்துவிட்டேன்.

டைல்ஸ்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் செடியை நானே தோண்டினேன். அவள் இருந்திருந்தால் சுற்றிலும் மண்ணோடு அலுங்காமல் எடுத்திருப்பாள். எனக்கென்ன தெரியும்? வேர் பாதியில் அறுந்தது. பழைய ஜன்னலில் கொண்டுவந்து வைத்தேன். ஒன்பது நாள் இருந்தது. கடைசியில் மிஞ்சியது காய்ந்த கதிரில் இருந்த காய்கள்தான். பாதியை அதே ஜன்னலில் போட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி எழுந்து அப்படியே சாய்ந்துவிட்டன. மிச்சப் பாதியை அவளுடைய ஜெபமாலை டப்பியில் போட்டு மூடினேன். மாநகராட்சிப் பூங்காவுக்குப் போய், ஓரமாகத் தூவிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “இங்க வந்து பாத்துட்டுப் போலாமுங்க. செடியெல்லாம் நீங்க வெக்கப் படாது” என்றார் காவலாளி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையில் அந்த வாரம்தான் அஸ்திவாரம் தோண்டினார்கள். ஈரம் படாமல் டப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இடம் கிடைக்கிற வரைக்கும் அது வெடிக்கக் கூடாது. எனக்கு வேறு கவலையே இல்லை என்றாகிவிட்டது.

கல்லறைத் திருநாளன்று தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளை டைல்ஸ். கல்லறைக்குக் கல்லறை வித்தியாசம் தெரியவில்லை. பெயர்ப்பலகையைத் தேடித்தேடித்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். மெழுகுவத்தி நிற்கவில்லை. பக்கத்தில் அந்த அம்மாள் குடையோடு நின்றிருந்தாள்.

“செடி எங்கீங்க?” என்று குடையை என் பக்கமும் சாய்த்துக் கேட்டாள்.

“செத்துப்போச்சுங்க. இதான் மிச்சம்” என்று டப்பியைத் திறந்து காட்டினேன்.

குடைக்கு வெளியே நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. ‘டப்’ என்றது. நான் மூடுவதற்குள் இன்னொன்று. அப்புறம் எல்லாமே டப்டப் என்று வெடித்து, விதைகள் டைல்ஸ்மேல் தெறித்து, மழைத் தண்ணீரோடு வாய்க்கால் பக்கம் ஓடின. ஐயோ என்று குனிந்தேன். அந்த அம்மாளும் குடையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள். வழவழப்பான டைல்ஸ்மேல் நனைந்த விதை நகத்துக்கு அகப்படவில்லை. நாலைந்துதான் தேறியது. அந்தச் சத்தம் மட்டும் காதிலேயே நின்றது. என் மனைவி சிரித்தபோது கூடச் சேர்ந்து ஒரு தடவையாவது சிரித்திருக்கலாமே என்று நினைத்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. மழையில் உட்கார்ந்து அழுதேன்.

“அழுவாதீங்க சாமி” என்று அந்த அம்மாள் என் கையில் விதைகளை வைத்தாள்.

“நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுங்க” என்றேன்.

நான் கமிட்டிப் பேப்பரைத்தான் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். “நீங்க எங்கீங்க போட்டீங்க?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நீங்க ஒருத்தருதான் போடல. நாங்கதான் எல்லாரும் போட்டமுங்க.”