குமுதா திருப்பிக் கொடுத்த முகங்கள்

குமுதா இறந்த செய்தி எங்கள் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி பற்றிய இரண்டு தகவல்களுக்கு நடுவே வந்தது. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒன்றும் அனுப்பவில்லை. கல்லூரி நாள் முதல் என்னோடு சண்டையிட்டவளுக்குப் பொம்மை போதாது.

மயிலாப்பூரில் அவளுடைய தந்தையின் புகைப்பட நிலையத்தைப் பார்த்தவர்கள் அவளையும் பார்த்திருப்பீர்கள். கீழே ஸ்டுடியோ, பின்கட்டில் இருட்டறை, மாடியில் வீடு. அறக்கட்டளை அதைப் பாதுகாப்பதாகப் பலகை சொல்கிறது, பாதுகாத்தவள் அவள். இருட்டறையில் குழல்விளக்கு இல்லாவிட்டால் வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார் புதுப்பிக்க வந்த பொறியாளர். "தெரியாதுதான். அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு," என்றாள். சிவப்பு விளக்குதான் இன்றும் எரிகிறது.

எங்கள் பெரிய சண்டை நெகட்டிவ்களைப் பற்றியது. ஜாதகத்தோடு அனுப்புவதற்காகப் பெண்களை அங்கே அழைத்து வந்து படம் எடுப்பார்கள். கண்ணாடித் தகடுகளில் அந்த முகங்கள் அலமாரி நிறைய இருந்தன. நான் வரலாறு கற்பித்தவள்; இந்நகரத்துப் பெண்கள் எப்படி உட்காரவைக்கப்பட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று ஏது? ஒரு தகடும் வெளியே போகக்கூடாது என்று தீர்மானம் எழுதினேன்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அவர் படம் பல வீடுகளுக்குப் போய்த் திரும்பியதாம். கடைசிவரை திருமணம் நடக்கவில்லை. இனி யாரும் அதைப் பார்க்க வேண்டாம் என்றார். குமுதா தகட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

"முகம் அவாளோடதுடி. கண்ணாடிதான் எங்கப்பாவோடது," என்றாள் என்னிடம்.

"ஆராய்ச்சிக்கு வர்றவாளுக்குக் காலி அலமாரியைக் காட்டுவியா?"

"காட்டறேன். அலமாரியும் பழசுதானே."

அதன்பின் கேட்டு வந்த எவரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

காரியங்கள் முடிந்ததும் சாவி என்னிடம் வந்தது. மறுவாரமே பெசன்ட் நகரிலிருந்து ஒரு மூதாட்டி ஆட்டோவில் வந்து குமுதாவைக் கேட்டார். சொன்னேன்.

"என் படம் ஒண்ணு உள்ள இருக்கு. இனிமே கிடைக்காது, இல்லையா?"

அலமாரியைத் திறந்தேன். தகடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பும் வெளுப்பும் இடம் மாறிய இளம் முகங்களில் எதிரே நின்ற கிழ முகத்தைத் தேடினேன். எனக்குத் தெரியவில்லை, அவரே கண்டுபிடித்தார். கையெழுத்து ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

குமுதா செய்தது தவறு என்றே இன்றும் சொல்வேன். அந்தத் தவறை இனிச் செய்ய ஒருத்தி வேண்டுமே. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.