கரையில் விழுந்த வெடிப்பு

என் ஓர்ப்படியாள் செல்லத்தாயின் மருமகனுக்கு வடக்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அவள் அந்தப் பெருமை பேசாத நாளில்லை. எனக்கோ வயிறு எரியும். சாயல்குடிப் பக்கம் எங்கள் கரிசலில் அவள் மழைநீருக்குக் குட்டை வெட்டியதும், நான் என் வயலில் அதைவிட ஆழமாக, சுவர்போல் செங்குத்தாக வெட்டச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் குட்டை நிறைவதைப் பார்க்கக் கரையில் நின்றேன். விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. வயலில் ஓடிய தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அந்த மருமகன் பார்த்துவிட்டார்.

"பெரியத்தே, இங்கிட்டு வாங்க! வெடிப்புல தண்ணி எறங்குனா கரையத் தள்ளிரும். சுரங்கத்துல இதப் பாத்தாலே ஆள வெளியேத்திருவோம்."

"கரிசல்னா வெடிக்கும், தண்ணி குடிச்சா மூடிக்கும். எனக்கே வெவசாயம் சொல்றீகளாக்கும்?"

அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடம் அப்படியே குட்டைக்குள் சரிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த செல்லத்தாய் அழுதுகொண்டே என் காலில் இருந்த சேற்றைத் துடைத்தாள். "ஏங்க்கா, என் குட்டையவிட ஒசத்தியா வெட்டணும்னு உசுரையா விடுவீக?"

கரையைப் பிறகு படிப்படியாகச் சரித்து வெட்டிவிட்டேன். அவர் மேல் நன்றியும் உண்டு. ஆனாலும், இப்படி ஓடிவரும் மருமகன் எனக்கு அமையாமல் அவளுக்கு அமைந்தாரே என்பதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை.