ஆறு தலைகள் ஆடிய ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியும் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதிப் பேரை நம்ப வைத்திருந்தேன். நம்பியவர்களில் முதல் ஆள் நான்தான். இந்த மடத்தனத்தால் என்ன நடந்தது என்று என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் அவள் ஆச்சரியப்பட மாட்டாள் என்கிற பயம்தான் காரணம்.

ரப்பர் விலை அடியோடு விழுந்து, கோலாலம்பூரில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஆள் குறைப்புப் பேச்சாகவே இருந்த சமயம் அது. நான் ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சம்பளத்தை வெட்டியிருந்தார்கள், ஆளை இன்னும் வெட்டவில்லை. எதிர் மேசை காலி. பக்கத்து மேசை காலி. அடுத்தது என் மேசைதான் என்று நினைத்து நினைத்தே வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அன்றைக்குத்தான் பட்டணத்துக் கேளிக்கைப் பூங்காவில் ஜோடி ஜோடியாக ஆடுகிற டீ டான்ஸ்.

நான் ஆடப் போகவில்லை. என் உடம்பு ஆடினால் பலகைத் தரை தாங்காது. அங்கே மணிலாக்காரர்களின் ஜாஸ் பேண்டு ஒன்று வாசித்தது. அதைக் கேட்கத்தான் போவேன். ஐஸ் போட்ட ஒரு கலர் வாங்கி, தூணுக்குப் பின்னால் கடைசி மேசையில் உட்கார்ந்து, அதைச் சாயங்காலம் முழுக்க உறிஞ்சுவேன். பரிமாறுகிறவன் என்னைப் பார்க்கிற பார்வையை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும்.

பேண்டில் இரண்டு டிரம்பெட்காரர்கள். ஒருவர் வாலிபர், சுறுசுறுப்பு. இன்னொருவர் பெரியவர், என் வயது இருக்கும். அவர்தான் என் ஆள். டிரம்பெட்டின் வாயை ஒரு ரப்பர்க் கிண்ணத்தால் மூடி மூடித் திறப்பார். ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்று யாரிடமோ சண்டை போட்டு, நடுவில் அழுது, அழுததற்காகத் தானே சிரிப்பது மாதிரி இருக்கும். ஆட வந்தவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கால் வைக்கத் தாளம் இருந்தால் போதும். நான் மட்டும் தூரத்திலிருந்து கைதட்டுவேன். அவர் எழுந்து லேசாகக் குனிவார். எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசியதில்லை.

திங்கட்கிழமை டீ நேரத்தில் ஆபீஸில் என் கச்சேரி ஆரம்பிக்கும். உள்ளங்கையை வாயில் குவித்து, முந்தின நாள் கேட்டதையெல்லாம் ஊதிக் காட்டுவேன். இந்த இடத்தில் எப்படி இறங்கினார், அந்த இடத்தில் எப்படி நிறுத்தினார் என்று விளக்கம் வேறு. மிச்சமிருந்த நாலைந்து பேர் எனக்கு ஜாஸ் பாகவதர் என்று பெயர் வைத்தார்கள். கிண்டல்தான். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, இடைவேளையில் புகை பிடிக்க வெளியே வந்த டிரம்காரர் என்னிடம் மலாய் மொழியில் ஒரு விஷயம் சொன்னார். பூங்காவை நடத்துகிற சீன முதலாளி, தவுக்கே, செலவைக் குறைக்கிறாராம். இரண்டு டிரம்பெட்டில் ஒன்று போகிறது. அடுத்த ஞாயிறு தவுக்கேயே வந்து உட்கார்ந்து, யார் வாசிப்பை ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வாராம். பெரியவருக்கு வேறு பேண்டு கிடைக்காது, இதை விட்டால் அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டிரம்காரர் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு யோசனையே இல்லை. யாருடைய மேசையையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. இந்த ஒரு நாற்காலியையாவது காப்பாற்றுவோம் என்று கிளம்பினேன். ஆபீஸிலும் குவார்ட்டர்ஸிலும் ஐந்து பேரைப் பிடித்தேன். அதில் ஒருவன் பக்கத்து வீட்டுப் பையனாக எனக்குத் தெரிந்து வளர்ந்து, இப்போது கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். அவன் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"அண்ணே, அந்த ஊதல் எனக்குப் புரியாது லா. எங்க ரசிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"நான் தலையாட்டுறப்போ நீயும் ஆட்டு."

"சும்மா ஆட்டினா போதுமா?"

"மொகத்துல கொஞ்சம் பாவம் வரணும்டா."

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு போய் மேடைக்கு முன்னால் முதல் மேசையில் உட்கார்ந்தோம். தவுக்கே பக்கவாட்டில் இருந்தார். முதலில் வாலிபர் வாசித்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி இருந்தோம். ஒரு விரல்கூட அசையவில்லை. இது என் ஏற்பாடு.

பிறகு பெரியவர் எழுந்தார். அன்றைக்கு அவர் ஒலியில் நான் கேட்டிராத ஒரு நடுக்கம். மேலே ஏறும்போது உடைந்தது. சில இடத்தில் சத்தமே வராமல் காற்று மட்டும் சீறியது. நான் உருகிப்போனேன். வேலை போகிற துக்கத்தையே இந்த மனுஷன் ஊதுகிறான் என்று நினைத்தேன். நம் கச்சேரிகளில் நல்ல இடம் வந்தால் நாம் என்ன செய்வோம்? வயிற்றுவலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, நாக்கில் "ச்சொ ச்சொ" கொட்டுவோம். அதைத்தான் செய்தேன். நான் ஆட்ட, ஐந்து பேரும் ஆட்டினார்கள். மேடை விளக்கு என் வழுக்கையில் வேறு விழுந்துகொண்டிருந்தது. கூட்ஸ் ஷெட் தம்பி முகத்தில் கொண்டுவந்த பாவத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்கு வந்தவன் தோற்றுப்போவான்.

பெரியவர் வாசித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். நேராக என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாக வாசிக்கிற நீளத்தில் பாதியிலேயே முடித்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அவர் குனியவில்லை.

ஆட்டம் கலைந்ததும் தவுக்கே எங்கள் மேசைக்கே வந்தார். என் கையைப் பிடித்து, மன்னிக்கணும், அந்தக் கிழவனால் உங்கள் எல்லோருக்கும் கஷ்டம், அடுத்த வாரத்திலிருந்து அவன் வரமாட்டான் என்றார். சின்னவன் வாசித்தபோது நீங்கள் அசையாமல் கேட்டதைப் பார்த்தேன் என்றும் சொன்னார்.

ஒருவழியாக மலாயில், இல்லை தவுக்கே, பெரியவர் வாசித்ததுதான் எங்களுக்குப் பிடித்தது என்றேன். சொல்லும்போதே என் பாழாய்ப்போன தலை என்னைக் கேட்காமல் ஆடியது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்; அவர் கணக்கில் அப்படி ஆடினால் இல்லை என்று அர்த்தம். நீங்கள் நல்லவர், ஒருவன் பிழைப்பைக் கெடுக்க மனசு வராமல் பேசுகிறீர்கள் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் எதையும் ஊதிக் காட்டவில்லை. ஆபீஸில் யாரும் கேட்கவும் இல்லை. சோறு இறங்கவில்லை. என் மேசை போனால்கூட இவ்வளவு இருந்திருக்காது, ஏனென்றால் அதை யாரோ வெட்டியிருப்பார்கள். இதை வெட்டியது என் தலை.

அடுத்த ஞாயிறு மத்தியானமே டிரம்காரரைத் தேடிப்பிடித்து, பெரியவர் வீடு சாலாக் செலாத்தானில் ஸ்டேஷனுக்குப் பின் சந்தில் என்று தெரிந்துகொண்டு ரயில் ஏறினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மலாயில் என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். கதவைத் திறந்தது ஒரு தமிழ் அம்மா. கழுத்தில் சிலுவை. "யாரு அண்ணே வேணும்?" என்று கேட்டார். அவர் பெரியவரின் மனைவி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

பெரியவர் பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார். கோபம் துளிகூட இல்லை. மனைவியிடம் என்னைக் காட்டி, அந்த மனுஷன் இவர்தான் என்று மலாயில் சொன்னார். ஏதோ பெரிய வித்வான் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு மரியாதை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அது எனக்கு வராது.

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து தமிழிலேயே கொட்டினேன். தலையாட்டினது ஏளனம் இல்லை, எங்கள் வழக்கத்தில் அதுதான் பாராட்டு, நான் கேட்டதிலேயே உயர்ந்த வாசிப்பு அன்றைக்கு வாசித்ததுதான், அந்த நடுக்கமும் அந்த உடைசலும் இன்னும் காதில் இருக்கிறது என்றேன். ஆட்டியும் காட்டினேன். அந்த அம்மா மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார், உடைசல் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். பெரியவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிஜமாகவா என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் டிரம்பெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை.

அந்த அம்மாதான் என்னைச் சந்து முனை வரை கொண்டுவந்து விட்டார்.

"அவருக்கு முன்பல்லு ஆடிப்போச்சு அண்ணே. உதடு நிக்கல, காத்து ஒழுகுது. அன்னைக்கு மொத்தமா கெட்டுப்போச்சு. அடுப்படியில நிக்கிற எனக்கே அவரு வீட்டுல ஊதுறப்போ தெரியும்."

வேலை எப்படியும் போயிருக்கும் என்றார். அதில் பெரியவருக்கு என்மேல் வருத்தமே இல்லையாம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதானாம்: இத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் நிஜமாகக் கேட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார், என் வாசிப்பு கெட்டது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, அவர் மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போதும் எங்காவது வாத்தியச் சத்தம் கேட்டால் என் தலை ஆடப் பார்க்கிறது. பிடரியைப் பிடித்துக்கொள்கிறேன். நான் கேட்கிறேனா, கேட்கிறவன் மாதிரி இருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மன்னிப்புக் கேட்கப் போனது அவருக்காகவா எனக்காகவா என்பதும் தெரியவில்லை. அன்றைக்குச் சந்து முனையில் வாழைப்பழச் சீப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"நம்ம ஆளுங்க தலையாட்டினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா அண்ணே? தெரிஞ்சுதான் நான் அவருகிட்ட சொல்லாம இருந்தேன். நீங்க ரயில் ஏறி வந்து சொல்லிட்டீங்க."