அசல் உத்தரவு

செம்பூரில் எங்கள் மாடிப்படியில் யாரோ கம்பியில் சாவியை உரசிக்கொண்டே ஏறுகிறார்கள். குழந்தை புரண்டு படுக்கிறான். வாடிக்கையாளர் விவரம் கேட்டு வரும் கோர்ட், போலீஸ் கடிதங்கள் அசலா போலியா என்று பார்ப்பதுதான் பேங்கில் என் வேலை. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எந்தச் சத்தமும் சும்மா கேட்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தானே?

கடிதத்தில் இருந்த நம்பர்

கடிதத்தில் அச்சடித்த நம்பருக்குப் போன் செய்யாதே, டைரக்டரியைப் பார்த்துச் செய் என்பது மாதுங்கா கிளையில் முதல் பாடம். புதிதில் நான் அதை மறந்து ஓர் ‘இன்ஸ்பெக்டர்’ தந்த நம்பரையே சுழற்றினேன். “போலீஸ் ஸ்டேஷன்” என்றது ஒரு கனத்த குரல். அதற்குப் பின்னால் இன்னொரு குரல் டீயும் வெண்ணெய் பன்னும் கேட்டுக் கத்தியது: “தோ சாய், ஏக் பன் மஸ்கா!”

செல்வி

புருஷனின் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்து, தையல் வேலை செய்து பிழைப்பவள் செல்வி. கணக்குத் திறந்த அன்றே கவுண்டரில் குனிந்து சொன்னாள்: “யக்கா, அந்த மனுசன் எந்தத் தாளக் கொண்டாந்தாலும் நா இருக்க எடத்தச் சொல்லிராதிய.”

வந்தான்

செல்வியின் புருஷன் முதலில் வக்கீல் நோட்டீஸ் கொண்டுவந்தான். வக்கீல் கேட்டால் அவள் விலாசத்தைத் தர முடியாது, கோர்ட் கேட்க வேண்டும் என்றேன். அடுத்த வாரம் கோர்ட் உத்தரவே கொண்டுவந்தான். கோர்ட் ஆபீஸுக்குப் போன் செய்தால், அப்படி ஒரு வழக்கே இல்லை. மானேஜர் எழுந்து வருவதற்குள் கிளம்பிவிட்டான், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு: “செம்பூர்ல உங்க பையன யாரு பாத்துக்கறா, மேடம்?”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தது

இந்த முறை கோர்ட் சேவகரே வந்தார். பெண் குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அவன் நிஜமாகவே வழக்குப் போட்டிருந்தான்; செல்வியின் விலாசத்தைத் தரும்படி பேங்குக்குக் கோர்ட் உத்தரவு. முத்திரை, கையெழுத்து, வழக்கு நம்பர் எல்லாம் பார்த்தேன். போனும் செய்தேன். ஒரு பிழையாவது அகப்படாதா என்று மறுபடியும் செய்தேன். செல்விக்கு முன்கூட்டிச் சொல்லலாமா என்று மானேஜரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “பேப்பர் சுத்தமா இருக்கும்மா. அப்புறம் என்ன யோசனை?”

தாராவியில்

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் தாராவிக்கு ஓடினேன். செல்வியின் கதவைத் தட்டி, பேங்கிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னேன். கதவு ஒரு விரற்கடை திறந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“குடுத்துட்டியளாக்கா?”

அசல் எது போலி எது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று ஆபீஸில் பெயர் வாங்கிய நான், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுவதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.