நாளைய தலைவிக்குக் குவைத் பயிற்சி

வளர்ந்துவரும் நாடுகளின் நாளைய தலைவர்களை உருவாக்க ஒரு பணக்கார நாடு புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஒரு வருடம் அங்கே தங்கி முதுமாணிப் படிப்புப் படிக்கலாம். அதற்கு நான் விண்ணப்பித்தபோது என் மகனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையில் எங்கள் லயத்து வீடு. தோட்டப் பாடசாலையில் எனக்கு ஆசிரியை வேலை. பத்து வருடத்தில் உங்கள் நாட்டை எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அன்று காலையில் மகனின் கால்சட்டையை மாற்றியே நான் களைத்துப் போயிருந்தேன். இருந்தாலும், நாட்டின் கல்வியை மாற்றுவேன் என்று எழுதினேன். அது கொஞ்சம் அதிகமோ என்று யோசித்து, மாகாணத்தின் கல்வி என்று திருத்தினேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"நாடுன்னே போடு. அவங்க வந்து பாக்கவா போறாங்க?"

முதல் சுற்றில் தேர்வானேன். நேர்முகத்துக்கு முன்பு வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே கிராம சேவகரிடம் போனேன். அங்கேதான் எல்லாம் பிழையாகப் போனது. வெளிநாடு போகத் தேவை என்றேன். அவர் மகனைப் பார்த்தார். லயத்து முகவரியைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளையோடு ஒரு தோட்டத்துப் பெண் வெளிநாடு என்று வாய் திறந்தால் அது குவைத்தோ சவூதியோதான், வீட்டு வேலைதான். அப்படிப் போகும் தாயின் வீட்டுக்கு ஓர் அலுவலர் வந்து, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று விசாரிக்க வேண்டும். இது படிப்பு, புலமைப்பரிசில் என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் விளக்கினேன். "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டினார். ஏஜென்சிக்காரர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பும் கதைகளை அவர் நிறையக் கேட்டிருப்பார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். அன்று மாலையே வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர். வீட்டு வேலைக்குப் போறதுல என்ன வெக்கம்?"

"இல்லக்கா, நான் படிக்கப் போறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறது. நான் தையல் படிக்கப் போறேன்னு சொன்னேன்."

உள்ளே மாமி அரிசி புடைக்கும் சத்தம் நின்றது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். சொந்த மருமகளுக்காக ஒரு வார்த்தை பேசினாரா? இல்லை.

அன்றிலிருந்து அக்கா எனக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். "சமைக்கத் தெரியும்னு மட்டும் சொல்லிறாதீங்க. அப்புறம் அடுப்படிய விட்டு வெளிய வர முடியாது." இன்னொரு நாள், "புள்ளைய நெனச்சு அழுவியான்னு கேப்பாங்க. மாட்டேன்னு சொல்லணும். யோசிக்காம சொல்லணும்." யோசிக்காமல் சொல்வது எனக்கு வராத காரியம். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் இது: போகிற நாளில் பிள்ளை தாயைத் தேடக் கூடாது, அதற்கு இப்போதே பழக்க வேண்டும். நான் ஊட்டக் கூடாது, தூங்க வைக்கக் கூடாது. எல்லாம் மாமிதான். ஆசிரியர் கலாசாலையில் படித்த குழந்தை உளவியலில் இப்படி எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. சரியா தவறா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மாமி பிள்ளையின் தலையணையைத் தன் பாய்க்கு எடுத்துப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை அலுவலர் வந்தார். சின்ன வயதுச் சிங்களப் பெண். மழைக்குள் ஏறி வந்ததில் சேலைக் கரையெல்லாம் சேறு. மாமிதான் சிங்களத்தில் பதில் சொன்னார். பிள்ளையைத் தானே பார்ப்பாராம். தான் றப்பர் பால் வெட்டப் போகும் நேரத்தில், தோட்டத்துக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயா பார்ப்பாராம்.

"மகன் குடிக்கிறவரா?" என்று அலுவலர் கேட்டார். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார், அவசரப்படவில்லை.

"இன்னும் மாட்டுப்படல மிஸ்."

நான் புலமைப்பரிசில் பற்றிக் கைப்பேசியில் வந்திருந்த மின்னஞ்சலைக் காட்டினேன். அலுவலர் இரண்டு தடவை வாசித்தார். "அனே மிஸ்" என்று பதறி எழுந்தே விட்டார். இதற்கு அறிக்கை தேவையில்லை, கிராம சேவகரிடம் தானே பேசிச் சான்றிதழை வாங்கித் தருவதாகச் சொன்னார். குடையை விரித்த பிறகு திரும்பி, "ஆனால் பிள்ளை?" என்றார். இப்போது அதில் அலுவலகக் குரல் இல்லை. தனக்கும் இதே வயதில் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். அதுவரை நிமிர்ந்து நின்றிருந்த நான் குனிந்து அவருடைய செருப்பைத் திருப்பி வைத்தேன்.

நேர்முகம் பாடசாலைக் கணினி அறையில், திரை வழியாக நடந்தது. திரையில் மூன்று பேர். கல்வியைப் பற்றி, தலைமைத்துவத்தைப் பற்றியெல்லாம் கேட்டார்கள்; மனப்பாடம் செய்தது தடங்கலில்லாமல் வந்தது. கடைசியில் ஓர் அம்மா, "உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறதே, எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றார். குடும்பத்தின் ஒத்துழைப்பு பற்றி அழகான ஒரு பதில் தயாராக இருந்தது. ஆனால் அக்காவின் குரல் முந்திக்கொண்டது.

"நான் அழமாட்டேன்" என்றேன், திருத்தமான ஆங்கிலத்தில்.

அழுகையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஒருவர் வாயைக் கையால் மூடினார். அந்த அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏதோ எழுதினார். நாட்டை மாற்றுவதாகச் சொன்னவள் இப்படிச் சொல்லலாமா என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

தேர்வாகிவிட்டேன். எந்தப் பதிலுக்காக என்று இன்றுவரை தெரியாது.

மருத்துவப் பரிசோதனைக்காகக் கொழும்பில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பினேன். மகன் மாமியின் இடுப்பில் இருந்தபடி, வந்துகொண்டிருந்த எனக்கு டாட்டா காட்டினான். இது தவறான இடத்தில் காட்டும் டாட்டா என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், புள்ள ரெடி."

"நான் ரெடியில்லையேக்கா."

"அதுக்கு நம்மகிட்ட பயிற்சி இல்ல."

இரவில் அவன் என்னைத் தாண்டி உருண்டு மாமியிடம் போவான். நான் விழித்துக் கிடந்து, இதற்காகத்தானே பழக்கினோம் என்று சொல்லிக்கொள்வேன். என்னைத் தேடினால் போக முடியாது. தேடாமல் இருந்தால் போகத் தாங்காது. போகவில்லை என்று எழுதிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "எழுதிட்டு அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். மாமியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. என் பெட்டியை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தவர் அவர்தான்.

புறப்பட்ட அன்று எல்லாம் அக்காவின் சொற்படியே நடந்தது. தண்ணீர்ப் பீலியில் மாமி அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முத்தம் கொடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினேன். ருவன்வெல்லயைத் தாண்டும்வரை பொறுத்துவிட்டு அழைத்தேன்.

"தேடினானா மாமி?"

"ஐயோ, கேக்காத புள்ள. உருண்டு பெரண்டு அழுறான். சோறே தொடல."

என் நெஞ்சு கனத்தது. கூடவே, வெட்கமில்லாமல், நிறைந்தும் போனது. அப்போதுதான் மாமியின் பின்னாலிருந்து, கோழியைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை கெக்கலித்துச் சிரிப்பது கேட்டது.

"மாமி, சிரிக்கிறது யாரு?"

மாமி கொஞ்சம் யோசித்தார்.

"அது பக்கத்து வீட்டுப் புள்ள" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைகளில் கடைசிப் பையனுக்கே மீசை முளைத்துவிட்டது. "ரொம்ப அழ விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.