பதினொன்றாவது முருகா

நான் ஒரு குழந்தையைக் கிள்ளினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் செவ்வாய்க்கிழமை முருகன் பஜனைக் கூட்டத்து அக்காமார், "பகவதி, முருகன் ஒனக்குக் காட்டினதை எழுதிக் கொண்டு வா. வாயால சொன்னா நீ பாதியில அழுதிருவே" என்று சொல்லி எத்தனையோ மாதம் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் இந்த முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு எழுதிவிட்டேன். இனி மிச்சம் தானாக வரும்.

கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஊர் குமாரகோவில் பக்கம். கட்டிக் கொடுத்தது திருவனந்தபுரத்தில், வலியசாலையில். வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். நான் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயா. பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைப்பது, சோறு பரிமாறுவது, சாயங்காலம் தாய் தகப்பன் வரும்வரை வாசலில் பிடித்து வைத்திருப்பது, இதெல்லாம் என் பாடு. கை வேலையில் இருக்கும்போது வாய்க்குள் முருகா, முருகா என்று ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய பக்தி என்று சொல்ல மாட்டேன், பழக்கம். வாய் சும்மா இருந்தால் ஊர்வம்பு பேசும் என்று அம்மா சின்ன வயதிலேயே பழக்கிவிட்டாள். அப்படியும் ஊர்வம்பு குறையவில்லை. எந்தப் பிள்ளை ஏன் அழுகிறது, எந்த டீச்சருக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது, எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது.

போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் சுபஸ்ரீ என்று ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். அப்பா கட்டட வேலை, அம்மா பேச்சியம்மாள் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். பிள்ளைக்கு ஆறு வயது. வாயாடி. வந்து ஒரு மாதத்துக்குள் மலையாளமும் தமிழும் கலந்து கட்டிப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் டீச்சருக்கு அவள்மேல் ஒரே குறை. "இந்தக் குட்டிக்கு சிரத்தை இல்லா ஆயாம்மே" என்பார். கவனமே இல்லையாம். தான் சொல்லச் சொல்ல எழுதுகிற கேட்டெழுத்து வைத்தால் பாதி வார்த்தையில் விட்டுவிடுகிறாளாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

ஆடி மாதம், நல்ல மழை. மதியச் சோற்றுக்குப் பிள்ளைகள் குழாயடியில் கை கழுவ வரிசையில் நிற்கிறார்கள். சுபஸ்ரீ குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டியபடி நிற்கிறாள். தண்ணீர் ஓடுகிறது. பின்னால் இருபது பிள்ளைகள் கத்துகிறார்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். என் முகத்தையே பார்க்கிறாள், அசைய மாட்டேன் என்கிறாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. இத்தனூண்டு பிள்ளைக்கு என்ன திமிர்! மேல்கையில் கிள்ளினேன். விளையாட்டுக் கிள்ளல் இல்லை. நன்றாகவே கிள்ளினேன்.

பிள்ளை அழவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, "ஆயாம்மா, இன்னைக்கு முட்டை உண்டா?" என்று கேட்டாள்.

இதென்ன கூத்து! கிள்ளினால் அழாத பிள்ளை உலகத்தில் உண்டா? பிடிவாதக்காரப் பிள்ளையானாலும் கண்ணில் ஒரு தண்ணீராவது வருமே. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கிள்ளினது போதாதுன்னு ஆராய்ச்சி வேறயா? ஒனக்கு வேற சோலி கெடையாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் நம் தெருக் கோவிலில் முருகன் சன்னதிக்கு முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "முருகா, அந்தப் பிள்ளைக்கு என்னன்னு எனக்குக் காட்டு. ஒண்ணும் இல்லேன்னா என் மூக்கை அடக்கு. ரெண்டில ஒண்ணு செய்." இப்படியெல்லாம் சாமியிடம் பேசலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு இப்படித்தான் பேச வரும்.

அன்றிலிருந்து அவள் பின்னாலேயே என் கண். சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோவாள், கை பாதி வழியில் நிற்கும். இமை லேசாகத் துடிக்கும். கண் திறந்தே இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டாள். கரண்ட் போய் வருகிற மாதிரி திரும்பி வந்து, அதே உருண்டையை வாயில் போடுவாள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தேன். காதோரம் "சாக்லேட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். ஊகூம். ஒரு நாள், "ஆயாம்மா, எங்க அப்பா" என்று தொடங்கி நின்றுவிட்டாள். நானும் அசையாமல் காத்திருந்தேன். திரும்பி வந்து, "புதுச் செருப்பு வாங்கியாந்தாங்க" என்று முடித்தாள். நடுவில் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

வலிப்பு என்றால் கீழே விழும், கை கால் வெட்டும், வாயில் நுரை வரும். அவ்வளவுதானே நமக்குத் தெரியும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. பின்னே என்ன இது? பிள்ளைகளைக் கழுவி விடுகிற கை என்பதால் நான் வாட்ச் கட்டுவதில்லை. அதனால் அவள் நின்றதும் வாய்க்குள் ஓடுகிற முருகாவை எண்ண ஆரம்பித்தேன். அவள் திரும்பி வந்ததும் நிறுத்துவேன். கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பேன். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. ஒரே நாளில் நான் பார்க்க ஏழு தடவை. நான் பார்க்காதது எத்தனையோ!

டீச்சரிடம் சொன்னேன். "ஆயாம்மைக்கு எல்லாத்திலும் சம்சயம்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் இமையை யார் பார்ப்பது?

ஓணப் பரீட்சை வந்தது. சுபஸ்ரீயின் தாளில் பாதிக் கேள்வி வெறுமையாக இருந்தது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சாயங்காலம் வாசலில் அவள் என்னிடம் அழுதாள். "இவ அப்பா சொல்லிட்டாகக்கா. படிப்பு ஏறலைன்னா ஊர்ல எங்க நாத்தனா வீட்ல கெடக்கட்டும்னு. ஓணம் லீவுல கொண்டு விட்டுறப் போறாக." நாத்தனார் வீட்டு முற்றத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதாம். தோட்டத்து வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் ஆள் இல்லையாம். இந்தப் பிள்ளை கிணற்றோரம் நின்றுபோனால்?

அப்படி நினைத்து முடிக்கவில்லை. தாயும் மகளும் ரோட்டைக் கடக்க இறங்கினார்கள். பேச்சியம்மாள் கையில் பை. பிள்ளையின் கையை விட்டுவிட்டு, "ஓடியா" என்று முன்னால் போய்விட்டாள். நடு ரோட்டில் சுபஸ்ரீ நின்றாள். ஸ்டாண்டுக்குத் திரும்புகிற பஸ் ஒன்று வருகிறது. ஹாரன் அடிக்கிறான். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு பஸ்ஸைப் பார்த்தபடியே நிற்கிறது. நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு பேரும் ஓரத்தில் விழுந்தோம். பேச்சியம்மாள் ஓடி வந்து பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பார்வை பட்டிருக்கு, சரடு ஜெபிச்சுக் கட்டியாச்சு, ஓட்டலில் லீவு தர மாட்டார்கள் என்றாள். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. "சரி, ஒண்ணே ஒண்ணு செய். இன்னைக்கு அவ சாப்பிடும்போது எதிர்ல இருந்து மொகத்தைப் பாரு. அடிக்காத, பேசாத. சும்மா பாரு."

அன்று முருகனிடம் நான் கும்பிட்டுக் கேட்கவில்லை, சண்டை போட்டேன். "எனக்குக் காட்டி என்ன பிரயோஜனம்? பெத்தவளுக்குக் காட்டு."

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் எனக்கு முன்னால் பேச்சியம்மாள் வந்து நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, தோசையைப் பிச்சு வாயில வச்சிட்டு அப்படியே இருந்தாக்கா. சுபா சுபான்னு கூப்பிட்டேன். எம்புள்ள எங்க போச்சுன்னே தெரியல. வாங்க, போவோம்."

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு. சின்ன வயது டாக்டரம்மா. பேச்சியம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது எத்ர நேரம் நிக்கும்? அர மினிட்? ஒரு மினிட்?" என்று கேட்டார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் காலண்டர் தாள்களை நீட்டி, "சில சமயம் ஒம்பது முருகா டாக்டரே, கூடிப்போனா பதினஞ்சு முருகா" என்றேன்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிக் காட்டு அம்மே" என்று தன் வாட்சைப் பார்த்தார். சொன்னேன். பன்னிரண்டாவது முருகாவில் கை காட்டி நிறுத்தினார். பத்து செகண்ட். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து சுபஸ்ரீயின் முகத்துக்கு நேரே பிடித்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னார். அவளுக்கு ஒரே குஷி. ஊதினாள், ஊதினாள், காகிதம் படபடவென்று ஆடியது. ஒரு நிமிஷம் இருக்கும். காகிதம் நின்றது.

என்னையறியாமல் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "முருகா, முருகா, முருகா." யாரும் என்னைத் தடுக்கவில்லை. நர்ஸ்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பதினொன்றாவது முருகாவில் காகிதம் மறுபடி ஆடியது.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். இதுவும் வலிப்பில் ஒரு வகைதானாம், விடாமல் ஊதினால் வந்துவிடுமாம், அதற்குத்தான் காகிதமாம். விழாதாம், வெட்டாதாம், அதனால் யார் கண்ணிலும் படாதாம். குறும்பு என்று நினைத்துப் பிள்ளைகளை அடித்துவிடுவார்களாம். தலையில் கம்பி ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும், வளர வளரப் பல பிள்ளைகளுக்கு மாறியும் விடும் என்றார். "அந்நேரம் பிள்ளைக்கு ஒண்ணும் அறியில்லா. அடிச்சாலும் அறியில்லா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் முருகனை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். காட்டு என்று கேட்டேன். என் வாயில் கிடந்த அவன் பேரை வைத்தே காட்டிவிட்டானே! பக்கத்தில் பேச்சியம்மாள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆடியில ஒரு நாளு அவ கையில ரத்தம் கட்டியிருந்துச்சு. என்னட்டி இதுன்னு கேட்டேன். தெரியாதுன்னா. யாரு கிள்ளுனான்னு கேட்டேன். தெரியாதும்மா, தெரியாதும்மான்னே சொன்னா. பொய்யா சொல்லுதேன்னு கரண்டியால அடிச்சேன். நெசமாவே அவளுக்குத் தெரியலையேக்கா."

அக்காமாரே, நான் கிள்ளியது ஒரு தடவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கரண்டி அடியும் என்னால்தான் விழுந்திருக்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பெஞ்சில் எங்கள் நடுவில் அந்தப் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு, ஊதின காகிதத்தைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "நான்தான் கிள்ளினேன் பேச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். பஸ்ஸிலும் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. டெஸ்டுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. அந்த ஓணம் எனக்கு ஓணமாகவே இல்லை. முருகா என்று சொல்லவே கூசியது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வாசலில் நின்றேன். சுபஸ்ரீ ஊருக்குப் போயிருப்பாளோ என்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகத் தாயும் மகளும் வந்தார்கள். பேச்சியம்மாள் பையிலிருந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்தாள், அளவு மூடியோடு. "ஊருக்கு அனுப்பல. இவ அப்பாகிட்ட டாக்டரம்மாவே பேசிட்டாக. மருந்து மூணு வேளை. மத்தியானத்துக்கு நீங்கதான் குடுக்கணும். வேற ஆருகிட்டயும் குடுத்துறாதீங்க." அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் மூடியில் கோடு பார்த்து அளந்து நானே கொடுப்பேன். முதல் மாதம் ஏழு ஐந்தாகி, மூன்றானது. அப்புறம் எப்போதாவது ஒன்று. கார்த்திகைக்கு அப்புறம் நான் பார்க்க ஒன்றுகூட இல்லை. இன்னும் மருந்து உண்டு, டாக்டரம்மா சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைமேலும் என் கை பட்டதில்லை. கோபம் வராமல் இல்லை, வரும். வந்தால் முதலில் அந்த முகத்தைப் பார்ப்பேன்.

நேற்று வகுப்பிலிருந்து டீச்சர் குரல் கேட்டது. சுபஸ்ரீயைத்தான் திட்டுகிறார். பாடம் நடக்கும்போது புளியங்காயைப் பெஞ்சுக்கு அடியில் கைமாற்றி நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறாள். இவள் எழுந்து நின்று, "நான் இல்ல டீச்சர்" என்று வாயில் புளியங்காயை வைத்துக்கொண்டே சாதிக்கிறாள். பச்சைப் பொய்! கண்ணில் அத்தனை கள்ளத்தனம், அத்தனை பயம், எல்லாம் அங்கேயே இருந்தது. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி வராந்தாவில் நின்று சிரித்தேன், அழுதேன். நன்றாகத் திட்டு வாங்கட்டும் என் தங்கம்.

குமாரகோவிலான் கேட்டதைத் தருவான் என்று நம் கூட்டத்தில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ புரியாத பிள்ளை ஒன்று இருந்தால் முருகனிடம் கேளுங்கள், கோபமாகவே கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்து பாருங்கள்.