ஆள்குறைப்பில் தப்பியவர்கள்

தாராவி பூலோகத்தைப் பேச்சில் ஜெயிக்க ஆளில்லை என்பார்கள். அது பாதிதான் உண்மை. வீட்டில் மனைவி சொர்ணம்மாளிடம் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை. ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனையில் ஃபிட்டர். தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். அதிகாரிகளோடு பம்பாய் இந்தியில் மல்லுக்கட்டியே தலை நரைத்துப்போன மனுஷன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சுவார்த்தை முடிகிறவரை அதிகாரி தரும் சாயாவைத் தொடக் கூடாது. காலிக் கோப்பை வெளியே வந்தால் உடன்பாடு ஆயிற்று என்று கேட்டில் நிற்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்த முறை ஆள்குறைப்பு. வாரக்கணக்கில் இழுத்தது. ஒரே வாக்கியத்தை எத்தனை தடவைதான் ஒருவன் சொல்லுவான்? பூலோகத்துக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார். நிரந்தர ஊழியர் ஒருவர்மேலும் கைவைக்க மாட்டார்கள். காண்ட்ராக்டில் பெட்டி கழுவுகிறவர்களை மட்டும் நிறுத்திவிடுவார்கள். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் என்பது இதுதான்.

கழுவுகிறவர்களில் நாகராஜும் ஒருவன். சொர்ணம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

அவர்களையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பூலோகம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் உங்கள் சங்கத்திலேயே இல்லையே என்றார் அதிகாரி. உண்மைதான். நாகராஜ் சேர வந்தபோது, காண்ட்ராக்ட் ஆளுக்கு விதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியதே பூலோகம்தான்.

இன்னும் இழுத்தால் கையில் இருப்பதும் போகலாம். நாக்கு வறண்டிருந்தது. கோப்பையை எடுத்துக் குடித்தார். சாயா ஆறிப்போயிருந்தது.

அவர் கேட்டுக்கு வருமுன்பே காலிக் கோப்பை போய்ச் செய்தி சொல்லிவிட்டது. தோளில் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டார்கள். கூட்டத்தில் நாகராஜும் ஈரச் சட்டையோடு கை தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடக்கையில் அவனும் கூடவே வந்தான்.

"எல்லாரு வேலையும் தப்பிச்சிட்டு, என்ன அத்தான்? அக்கா சந்தோசப்படுவா."

"உனக்கு இல்லடே, நாகராசு. காண்ட்ராக்ட் ஆளுவள எல்லாம் நிப்பாட்டுதாங்க. நான்தான் சரின்னுட்டு வந்தேன்."

டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"அக்காட்ட நீங்க எதும் சொல்லிராதீய, அத்தான்" என்றான் அவன். "பிடிக்கல, நானே விட்டுட்டேன்னு சொல்லிக்கிடுதேன். இல்லன்னா அவ உங்க மொகத்துலயே முழிக்கமாட்டா."

அதற்கும் பூலோகம் சரி என்றுதான் தலையாட்டினார்.